9-ஆவது வாரத்தில் வந்த இரண்டு வாய்ப்புகள்

நாள் தள்ளிப்போனது எனக்கும் கணவருக்கும் மட்டும்தான் தெரியும். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. கரு கலைவது பெரும்பாலும் முதல் 12 வாரங்களுக்குள்தான். எனக்கு ஏற்கெனவே ஒருமுறை அப்படி ஆகியிருந்ததால் வாயைத் திறக்கவே பயம். அந்த நேரம் பார்த்து அலுவலகத்தில் இரண்டு பேர் கூப்பிட்டார்கள்.

ஒன்று, என் டீமிலேயே லீட் பொறுப்பு. பழகிய ஆட்கள், கைவந்த வேலை, சம்பளமும் கூடும். இன்னொன்று, வேறு பிரிவில் புதிதாகத் தொடங்கும் ப்ராஜெக்ட். மூன்று வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்த வேலை. ஆனால் அதே பதவி, அதே சம்பளம், முதல் ஆறு மாதம் கற்றுக்கொள்வதிலேயே போய்விடும்.

அன்று இரவு காலண்டரை விரித்து, பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே எண்ணினேன். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள். புது ப்ராஜெக்ட் பயன்பாட்டுக்கு வரும் தேதியும் பிரசவத் தேதியும் ஒரே மாதத்தில் வந்து நின்றன. சரி, லீட் வேலைதான் என்று படுத்துவிட்டேன்.

மறுநாள் மேனேஜர் அறையில் பேச்சு. மசக்கை பலருக்கு 9-ஆவது வாரத்தையொட்டித்தான் உச்சத்துக்குப் போகும், எனக்கும் அப்படியே. மேஜையில் அவருடைய காபி. அந்த வாசனை தாங்காமல் மேஜை விளிம்பை இறுகப் பிடித்தபடி, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு பதில் சொன்னேன். "உங்களை நம்பித்தான் இருக்கேன், ஒரு வருஷத்துக்கு நடுவுல இடைவெளியே விழக் கூடாது" என்றார். அவருக்கு என் விஷயம் தெரியாது, அதனால் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் முந்தைய வருடம் எங்கள் டீமில் ஒருவர் பிரசவ விடுப்பு முடிந்து வந்தபோது, அவருடைய வேலை இன்னொருவர் கைக்குப் போயிருந்தது. மாதக்கணக்கில் அவர் மற்றவர்களின் அறிக்கைகளைத் தொகுத்துக்கொண்டிருந்தார். அவர் முகம்தான் அப்போது கண்முன் வந்தது.

பிரசவம் வரைக்கும் எண்ணியிருந்தேனே தவிர, அதற்குப் பிறகு எண்ணவே இல்லை என்று அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. விடுப்பு சில மாதம். திரும்பி வந்து பார்க்கப்போகும் வேலை வருடக்கணக்கில்.

புதுப் பிரிவின் தலைவரிடம் என் விஷயத்தைச் சொல்லாமலே ஒன்று கேட்டேன்: "யாராவது நீண்ட விடுப்பில் போனால் வேலையை எப்படிச் சமாளிப்பீர்கள்?" எந்த வேலையும் ஒருவருக்கு மட்டும் தெரிந்ததாக வைப்பதில்லை என்றார். அப்பாவின் அறுவை சிகிச்சைக்காக நான்கு மாதம் போனவர் திரும்பி வந்து அதே வேலையைப் பார்ப்பதையும் சொன்னார். அந்தப் பதிலை வைத்துத்தான் முடிவெடுத்தேன்.

அப்புறம் விடுப்பு விதிகளை வரி விடாமல் படித்தேன். பிரிவு மாறினாலும் பணிக்காலம் அறுபடாது என்று எழுத்தில் இருந்தது. இதை அவசியம் பாருங்கள். குறிப்பிட்ட காலம் வேலை பார்த்திருந்தால்தான் மகப்பேறு விடுப்பு என்ற நிபந்தனை பல இடங்களில் உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை குறைந்தது 14 வார விடுப்பும், திரும்பும்போது அதே பணியோ அதே சம்பளத்தில் நிகரான பணியோ வேண்டும் என்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை, ஆகவே உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

14-ஆவது வாரத்தில், ஸ்கேன் நல்லபடியாக முடிந்த பிறகு, புதுத் தலைவரிடம் நேரில் சொன்னேன். மறைத்துவிட்டோமோ என்ற உறுத்தல் இருந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு திட்ட அட்டவணையைத் திறந்து, "தேதி எப்போ?" என்றார். அன்று மாலையே எச்.ஆருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.

லீட் பொறுப்பு என்னைவிட இளையவருக்குப் போனது. வலித்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். விடுப்பு முடிந்து ப்ராஜெக்டின் இரண்டாம் கட்டத்தில் சேர்ந்தேன்.

*

மேலே எழுதியவர் வேறு, நான் வேறு. நான் அவருக்கு நேர்மாறாகச் செய்தேன், அதையும் பதிந்து வைக்கிறேன். எனக்கும் இதே மாதிரி இரண்டு வேலை. ஆனால் தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டேன். 12 வாரம் வரை ரகசியம் காக்கவெல்லாம் உடம்பு விடவில்லை. 8-ஆவது வாரத்திலேயே மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க அன்றே எழுத்தில் அனுமதி தந்தார். பழகிய வேலை என்பதால்தான் படுக்கையில் சாய்ந்துகொண்டே அதைச் செய்ய முடிந்தது. புதிதாக ஒன்றைக் கற்கும் நிலையில் நான் இல்லவே இல்லை. மகளுக்கு இப்போது இரண்டு வயது. அன்று விட்ட அதே பிரிவுக்குப் போன மாதம் விண்ணப்பித்தேன், வியாழக்கிழமை நேர்காணல்.