எங்களைச் சேர்க்காத வழக்கில் தீர்ப்பு: அப்பீல் போகலாமா?

கேள்வி: 2009-ல் அம்மா பெயரில் கிரயம் வாங்கிய ஐந்து சென்ட் மனை. பட்டா, வீட்டு வரி ரசீது எல்லாம் இருக்கிறது. விற்றவரின் தம்பிகள் பாகப்பிரிவினை வழக்கு போட்டு எங்கள் மனையையும் சொத்து விவரத்தில் சேர்த்து யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை வாங்கிவிட்டார்கள். நீதிமன்றம் அளக்க அனுப்பிய வக்கீல் கமிஷனர் டேப்போடு வந்து எங்கள் கிணற்றடியை அளந்தபோதுதான் தெரிந்தது. ஒரு சம்மன்கூட வரவில்லை. அம்மா சரியாகச் சாப்பிடுவதே இல்லை.

பதில் 1: போகலாம் சார். ஆனால் முதலில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அனுமதி மனு போடணும். தீர்ப்பால் பாதிக்கப்பட்டவர், வழக்கில் தரப்பாக இல்லாவிட்டாலும், அனுமதி பெற்று அப்பீல் செய்யலாம் என்று 1970-ல் கோல்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்பீல் மாவட்ட நீதிமன்றத்துக்கு என்றால் கெடு 30 நாள். தாண்டியிருந்தால் தாமத மன்னிப்பு மனுவும் வேண்டும்.

பதில் 2: வழக்கு எந்த வருஷம்? கிரயத்துக்கு முந்தியது என்றால் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 52-வது பிரிவு (வழக்கு நடக்கும்போது சொத்தை வாங்கியவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும் என்பது) குறுக்கே நிற்கும்.

கேட்டவர்: 2016, அண்ணா, கிரயத்துக்குப் பிந்தியதுதான். அப்புறம், தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு நாளையே மனு போடுகிறேன்.