கதவைச் சாத்தினால் பாட்டு நின்றுவிடுகிறது: கார் ஸ்டீரியோ பற்றி ஒரு சந்தேகம்

பழையவண்டி:
எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது கொஞ்சம் வயதான கார். வண்டியோடு வந்த செட்டைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கிய ஒன்றைப் போட்டேன். ஆரம்பத்தில் நன்றாகத்தான் பாடியது. இப்போது ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நான்கு ஸ்பீக்கரிலும் ஒரே நேரத்தில் சத்தம் போய்விடுகிறது. திரையில் மட்டும் பாட்டின் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். சில சமயம் 'ப்ரொடெக்ட்' என்று காட்டும். அணைத்துப் போட்டால் மறுபடி பாடும். பள்ளத்தில் இறங்கும்போதும் கதவை ஓங்கிச் சாத்தும்போதும்தான் இது அதிகம். ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது.

இன்னொரு தொல்லை: சாவியை எடுத்தால் கடிகாரமும் எஃப்எம் ஸ்டேஷன்களும் அழிந்துவிடுகின்றன. பொருத்தியவரிடம் கேட்டால் "செட்டே போச்சு, வேற போட்டுடலாம்" என்கிறார். அவ்வளவுதானா, வேறு ஏதாவது பார்க்கலாமா?

வால்யூம்40:
ப்ரொடெக்ட் வந்தாலே உள்ளே ஆம்ப் ஐசி, அதாவது சத்தத்தைப் பெருக்கும் சில்லு, போய்விட்டது என்று அர்த்தம் ப்ரோ. மாற்றிவிடுங்கள், வீணாக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஈயப்பற்று:
அவசரப்படாதீர்கள். ஐசி செத்திருந்தால் அணைத்துப் போட்டதும் எழுந்து பாடாது. அதிகச் சூட்டால் நிற்கிறது என்றால் சத்தமாக வைத்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் நிற்கும். கதவைச் சாத்துவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அடி விழுந்தால் நிற்கிறது என்றால் எங்கோ ஒரு வயர் பாடியைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது.

இந்த செட்களில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரிலுமே பேட்டரி வோல்ட்டில் ஏறக்குறைய பாதி, அதாவது 6 வோல்ட் போல, எப்போதும் நிற்கும். ஸ்பீக்கர் மைனஸ் என்று எழுதியிருப்பதும் எர்த் கிடையாது. அது தகரத்தில் பட்டாலும் ஷார்ட்தான். நான்கு சேனலுக்கும் பெரும்பாலும் ஒரே ஐசி என்பதால் ஒரு கதவில் ஷார்ட் ஆனாலும் நான்கும் வாயை மூடிக்கொள்ளும். ப்ரொடெக்ட் என்றால் செட் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

செட்டை வெளியே இழுத்து, நான்கு ஸ்பீக்கர் ஜோடிகளையும் பிரித்துவிட்டு வண்டியை ஓட்டிப் பாருங்கள். ப்ரொடெக்ட் வரவில்லை என்றால் செட்டில் குறை இல்லை. பிறகு ஒவ்வொரு ஜோடியாகச் சேர்த்து, அந்தந்தக் கதவைத் திறந்து மூடுங்கள். வெள்ளை இடது முன், சாம்பல் வலது முன், பச்சை இடது பின், ஊதா வலது பின். கறுப்புக் கோடு போட்டது அதன் மைனஸ். இந்த நிறங்கள் செட்டோடு வரும் வயருக்கு. வண்டியின் வயரில் வேறு நிறம் இருக்கலாம்.

கடிகாரம் அழிவது தனிக் கோளாறு, இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். செட்டின் மஞ்சள் வயர் கடிகாரத்தையும் ஸ்டேஷன்களையும் நினைவில் வைக்க எப்போதும் பேட்டரி வரவேண்டிய லைன், சிவப்பு சாவி போட்டால் மட்டும் வரவேண்டிய லைன். சாவியை எடுத்துவிட்டு மஞ்சள் வயரில் மீட்டர் வையுங்கள். அங்கே 12 வோல்ட் இருந்தே ஆக வேண்டும்.

பழையவண்டி:
ரொம்ப நன்றி சார். ஸ்பீக்கரைப் பிரித்துவிட்டு ஓட்டினேன், ப்ரொடெக்ட் வரவே இல்லை. சாம்பல் ஜோடியைச் சேர்த்து வலது முன் கதவைப் பாதி திறந்ததும் வந்துவிட்டது! அந்த ஜோடியில் மீட்டர் வைத்தால் 3.6 ஓம் காட்டுகிறது. ஸ்பீக்கரை மாற்றிவிடவா?

மஞ்சளில் சாவி இல்லாதபோது பூஜ்யம். சிவப்பில் 12.5.

ஈயப்பற்று:
வேண்டாம். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் மூன்றரை போலத்தான் காட்டும், சுருள் நன்றாக இருக்கிறது. இப்போது அந்த ஜோடியை செட் பக்கமும் ஸ்பீக்கர் பக்கமும் கழற்றுங்கள். மீட்டரை பீப் நிலையில் வைத்து, ஒரு முனை வயரில், மறு முனை பெயின்ட் இல்லாத தகரத்தில். ஒருவரைக் கதவை மெதுவாக ஆட்டச் சொல்லுங்கள். பீப் வந்தால் வயர்தான். வராவிட்டால் ஸ்பீக்கரின் தகட்டு முனை கதவுத் தகரத்தில் இடிக்கிறதா, கண்ணாடியை இறக்கும்போது எதிலாவது படுகிறதா என்று பாருங்கள்.

மஞ்சளும் சிவப்பும் உங்கள் வண்டியில் இடம் மாறியிருக்கின்றன. பல வண்டிகளில் இப்படி வரும். இரண்டையும் மாற்றிப் போட்டால் போதும். சிலர் சுலபமாக இருக்கிறதே என்று இரண்டையும் சேர்த்து முறுக்கி, நேரடி பேட்டரி லைனில் கொடுத்துவிடுவார்கள். கடிகாரம் நிற்கும், சரி. ஆனால் சாவியை எடுத்தாலும் செட் அணையாது, காலையில் வண்டி கிளம்பாது.

பழையவண்டி:
பீப் வந்தது. கதவுக்கும் பாடிக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கிறதே, அதைப் பிதுக்கி எடுத்தேன். கறுப்புக் கோடு போட்ட சாம்பல் வயர் நகத்தளவுக்குத் தோல் உரிந்து, செம்பு பச்சை பூத்துக் கிடக்கிறது. நேரே துளையின் கூர்விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. யாரோ ஏற்கனவே டேப் சுற்றியிருக்கிறார்கள், அது பிசுபிசுவென்று கழன்று வந்துவிட்டது. நானும் டேப் சுற்றினால் போதுமா?

ஈயப்பற்று:
டேப் வேண்டவே வேண்டாம், வெயில் சூட்டில் இளகித்தான் போகும். பச்சை பூத்த துண்டை வெட்டி எறிந்துவிட்டு, கதவின் உள்ளே இருந்து பாடியின் உள்ளே வரை புது வயர் போடுங்கள். ஒட்டு எதுவும் அந்த மடிப்புக்குள் வரக்கூடாது. ஈயம் வைத்த இடம் விறைப்பாகிவிடும், கதவு ஆட ஆட அதன் ஓரத்தில் அறுந்துவிடும். ஒட்டின்மேல் சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். கதவை முழுதாகத் திறந்தாலும் இழுபடாத அளவுக்கு வயரைத் தளர்வாக விடுங்கள்.

வால்யூம்40:
என் நண்பனுக்கு இதே ப்ரொடெக்ட்தான், அவனுக்கு உண்மையிலேயே ஐசி போயிருந்தது. அதனால் சொன்னேன்.

ஈயப்பற்று:
போகும்தான். ஆனால் எல்லா ஸ்பீக்கரையும் பிரித்த பிறகும் ப்ரொடெக்ட் வந்தால்தான் அந்த முடிவுக்கு வரலாம்.

பழையவண்டி:
வயர் மாற்றியாயிற்று. கதவை எப்படிச் சாத்தினாலும் பாடுகிறது, கடிகாரமும் அப்படியே நிற்கிறது. பழைய செட்டேதான்!

மண்சாலை:
இங்கேயே கேட்டுவிடுகிறேன். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஊய்ங்' என்று ஒரு ஒலி ஏறுகிறது. போன் பாட்டை செட்டுக்குக் கொண்டுபோகும் ஆக்ஸ் வயரில் போனை மாட்டினால்தான். எர்த் சரியில்லையா?

ஈயப்பற்று:
ஆல்டர்னேட்டர் இரைச்சல், அதாவது இன்ஜின் சுழற்றி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஜெனரேட்டரின் சத்தம். அந்த நேரத்தில் போன் வண்டி சார்ஜரிலும் மாட்டியிருக்கிறதா? முதலில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள்.

மண்சாலை:
பிடுங்கினேன், சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் வழி பார்க்கப் போன் சார்ஜில் இருந்தே ஆக வேண்டுமே?

ஈயப்பற்று:
சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆக்ஸ் வழியாக இன்னொன்று. இரண்டும் சேர்ந்து ஒரு வளையம், அதன் வழியாகத்தான் இரைச்சல் பாட்டில் கலக்கிறது. ஆக்ஸ் வயருக்கு நடுவில் மாட்டும் க்ரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று சின்ன டப்பா கிடைக்கும், அது போதும். செட்டில் ப்ளூடூத் இருந்தால் அதுகூட வேண்டாம்.