கலைச்சொல் உரையாடல்: பழைய சிஎன்சி மரச்செதுக்கு மெஷினில் ‘ஆட்டம்’ என்று ஒரே சொல் போதுமா?

மடல் 1: மொழிபெயர்ப்பாளர், சென்னை

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

பழைய சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டளைப்படி ஓடும்) மரச்செதுக்கு மெஷின் வாங்கப் போகிறவர் கையில் வைத்துப் பார்க்கும்படி ஒரு சோதனைத் தாள் தமிழில் தயாராகிறது. எடுத்துக்கொண்டது 1325 வகை. மேசை 1300 × 2500 மிமீ, எட்டுக்கு நாலு ப்ளைவுட் முழுசாகப் படுக்கும். எக்ஸ் (குறுக்கே), ஒய் (நீளவாக்கில்) இரண்டும் ரேக்-பினியன், அதாவது பல் சட்டத்தின் மேல் ஓடும் பல் சக்கரம். இசட் (மேலும் கீழும்) பால் ஸ்க்ரூ, அதாவது குண்டுகள் வழியே நட்டை நகர்த்தும் திருகு. பிட் எனும் வெட்டுக் கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டில் நிமிஷத்துக்கு 24,000 சுற்று. நம் ஊர்க் கதவுப் பட்டறைகளில் பரவலாக இருப்பது இதுதான்.

எழுத்து ஓரிடத்தில் நிற்கிறது. ஸ்பிண்டிலில் ஆட்டம், ரேக்கில் ஆட்டம், காண்ட்ரியில் (ஸ்பிண்டிலைச் சுமந்து மேசைக்குக் குறுக்கே நிற்கும் பாலம்) ஆட்டம் என்று விற்பவரும் மெக்கானிக்கும் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். ஆங்கிலக் கையேடுகள் பேக்லாஷ் (திசை மாறும்போது தெரியும் தளர்வு), ரன்-அவுட் (சுற்றும்போது மையத்தை விட்டு ஒதுங்குவது), ரேக்கிங் (காண்ட்ரி கோணிக்கொள்வது) என்று பிரித்து எழுதுகின்றன. என் முன்மொழிவு: பின்னடி, மையவிலகல், சாய்வு. திருத்துங்கள்.

மடல் 2: சிஎன்சி சர்வீஸ், கோயம்புத்தூர்

வணக்கம். பின்னடி வேண்டாம் ஐயா. பட்டறையில் அதைக் கேட்டால் பிட்டோ ரம்பமோ கட்டையைத் திருப்பி எறிவதைத்தான் நினைப்பார்கள். அது தனி ஆபத்து, அதற்கே ஒரு சொல் தேவைப்படும். சாய்வும் வேண்டாம். ஸ்பிண்டில் செங்குத்தாக நிற்காமல் சாய்ந்திருப்பது இன்னொரு கோளாறு, அதோடு குழம்பிவிடும்.

சொல் வைக்குமுன் எது எங்கே பிறக்கிறது, எப்படி அளக்கிறோம் என்று பார்த்துவிடுவோம். ஒரு ஆட்டம் கோலெட் (பிட்டை இறுகப் பிடிக்கும் பிளவுக் குழல்) மாற்றினால் தீரும். இன்னொன்றுக்கு ரேக்கையே கழற்றிப் புதிது போட வேண்டும். மூன்றாவதற்கு ஆலன் கீ போதும். மூன்றையும் ஒரே சொல்லில் கேட்டுக்கொண்டு விலை பேசினால் நஷ்டம் வாங்குபவருக்குத்தான்.

முதலில் பேக்லாஷ். திசை மாறும்போது மட்டும் தெரிகிற தளர்வு இது. மோட்டார் திரும்பிவிட்டது, பினியன் பல் ரேக் பல்லின் மறுபக்கத்தைத் தொடும்வரை காண்ட்ரி சும்மா நிற்கிறது. அந்த இடைவெளிதான் அளவு.

அளக்கும் விதம்: ஸ்பிண்டில் ஓடக்கூடாது, அச்சு மோட்டார்களுக்கு மட்டும் கரண்ட் இருக்கட்டும். டயல் கேஜின் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) காந்தக் காலை மேசை மேல் வைக்காதீர்கள். மேல்தளம் பிவிசியோ அலுமினியமோ, காந்தம் பிடிக்காது. ஒய் அச்சுக்கு அடி ஃப்ரேமின் இரும்பில் வையுங்கள், எக்ஸுக்குக் காண்ட்ரியின் குறுக்கு உத்திரத்தில். கேஜ் முனை ஸ்பிண்டில் கிளாம்பைத் தொடட்டும். ஒரே திசையில் சில மில்லிமீட்டர் நகர்த்தி நிறுத்தி, டயலைப் பூஜ்யம் ஆக்குங்கள். அதே திசையில் இன்னும் 1 மிமீ போனால் முள் 1.00 காட்ட வேண்டும். இப்போது எதிர்த்திசையில் 1 மிமீ. முள் 0.85 தான் திரும்பியது என்றால் 0.15 மிமீ வழியில் தொலைந்திருக்கிறது.

இதை அச்சின் இரு கோடியிலும் நடுவிலும் எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் எடுத்த எண்ணை நம்பவே கூடாது. மூன்று இடத்திலும் ஒரே அளவு என்றால் பினியன் ரேக்கோடு சரியாக அழுந்தவில்லை, அல்லது மோட்டாருக்கும் பினியனுக்கும் இடையே உள்ள டைமிங் பெல்ட் தளர்ந்திருக்கிறது. முடுக்கினால் தீரும். கோடியில் 0.05, நடுவில் 0.25 என்றால் ரேக் நடுவில் தேய்ந்துவிட்டது. கட்டையை எப்போதும் நடு மேசையில் வைத்து ஓட்டிய மெஷினில் அப்படித்தான் தேயும். அங்கே பினியனை இறுக்கினால் தேயாத கோடியில் போய்ச் சிக்கும், மோட்டார் திணறும். ரேக்கின் விலையைக் கழித்துத்தான் பேச வேண்டும்.

செதுக்கு வேலைக்கு 0.05 நல்லது, 0.1 வரை சமாளிக்கலாம், 0.2 தாண்டினால் வேலையில் அப்பட்டமாகத் தெரியும் என்பது என் கணக்கு.

இசட் அச்சில் இந்தச் சோதனை ஏமாற்றும். ஸ்பிண்டிலின் எடை எப்போதும் கீழே இழுத்துக்கொண்டிருப்பதால் பால் ஸ்க்ரூ நட்டில் உள்ள இடைவெளி தானாகவே ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். ஏற்றி இறக்கிப் பார்த்தால் முள் சுத்தமாகப் பூஜ்யம் காட்டும். மரத்தில் இறங்கும்போது கட்டை மேலே தள்ளுமே, அப்போதுதான் குட்டு வெளிப்படும். ஆகவே மோட்டார் பூட்டிய நிலையில் ஸ்பிண்டில் கிளாம்புக்கு அடியில் ஒரு சட்டத்தைக் கொடுத்து மெதுவாக நெம்பிப் பாருங்கள். முள் அசைந்தால் கேஜை ஸ்க்ரூவின் தலைக்கு மாற்றி மறுபடி நெம்புங்கள். ஸ்க்ரூவும் சேர்ந்து ஏறினால் கோடி பேரிங்கின் லாக் நட் தளர்ந்திருக்கிறது அல்லது பேரிங் போயிருக்கிறது, சின்னச் செலவு. ஸ்க்ரூ அசையாமல் ஸ்பிண்டில் மட்டும் ஏறினால் நட் தேய்ந்துவிட்டது. ஸ்க்ரூவும் நட்டும் ஜோடியாக மாற்ற வேண்டியிருக்கும்.

இதற்கு ‘திரும்புதளர்வு’ அல்லது ‘மீள்தளர்வு’. தளர்வு என்ற சொல் மெக்கானிக்குக்குப் புரியும், முன்னால் உள்ள வினை எப்போது தெரியும் என்பதைச் சொல்லிவிடும்.

மடல் 3: மரச்சிற்பப் பட்டறை, கள்ளக்குறிச்சி

ஐயா சொன்ன இரண்டில் திரும்புதளர்வு நன்றாக இருக்கிறது.

ரன்-அவுட்டுக்குப் புதிதாக எதுவும் செய்ய வேண்டாம், தெருவிலேயே சொல் இருக்கிறது. சைக்கிள் கடையில் சக்கரத்தை ஃபோர்க்கில் மாட்டிச் சுற்றிவிட்டு, எங்கே ஒதுங்குகிறது என்று பார்த்துக் கம்பியை முடுக்குவதைக் ‘கோட்டம் எடுப்பது’ என்றுதானே சொல்கிறோம். சுற்றும் பொருள் தன் மையத்தை விட்டு ஒதுங்குவது கோட்டம். ஸ்பிண்டிலுக்குச் ‘சுழல்கோட்டம்’ என்று வைக்கலாம். மையவிலகல் என்று எழுதினால் படிப்பவர் மனசு மையவிலக்கு விசைக்குப் போகும்.

மெஷின் ஓடிய கட்டையைப் பார்த்தே இரண்டையும் பிரித்துவிடலாம். தாளில் இது அவசியம் வர வேண்டும், ஏனென்றால் வாங்கப் போகிற எல்லாரிடமும் டயல் கேஜ் இருக்காது.

திரும்புதளர்வு இருந்தால் வட்டம் வட்டமாக வராது. அச்சு திசை மாறும் நாலு இடத்தில், கடிகாரத்தில் 12, 3, 6, 9 இருக்குமே அங்கெல்லாம், சின்னத் தட்டையோ படியோ நிற்கும். புடைப்புச் சித்திரத்தில் இன்னும் தெளிவு. ஃபினிஷிங் பிட் இடவலமாகப் போய்ப் போய் வரும்போது, போகும் வரியும் வரும் வரியும் ஒன்றுக்கொன்று தள்ளி விழும். இலை ஓரம், முகத்தின் மூக்குக் கோடு எல்லாம் ரம்பப் பல்லாக இருக்கும். அதை உளியால் சரிசெய்ய உட்கார்ந்தால் மெஷினில் மிச்சம் பிடித்த நேரம் முழுக்கப் போய்விடும்.

சுழல்கோட்டத்தில் வட்டம் ஒழுங்காகத்தான் வரும், பள்ளம்தான் அகலமாகும். 6 மிமீ பிட் 6.2 பள்ளம் போடும். இரண்டு வெட்டு உள்ள பிட்டில் ஒரு வெட்டு மட்டும் வேலை செய்து மழுங்கும், மரம் கருகும், கூம்பு பால்நோஸ் பிட்டின் நுனி அடிக்கடி ஒடியும்.

மடல் 4: தொழினுட்ப ஆசிரியர், யாழ்ப்பாணம்

வணக்கம். மீள்தளர்வைக் கைவிடுவது நல்லது. எங்கள் பௌதிகப் பாடநூல்களில் மீள்தன்மை என்றால் இழுத்து விட்டதும் பழைய அளவுக்கு வருவது. மாணவர் இதை பெல்ட்டின் இழுவை என்று விளங்கிக்கொள்ளக்கூடும். திரும்புதளர்வு வினைத்தொகை, ஆகவே நடுவில் ஒற்று மிகாது. அப்படியே சேர்த்து எழுதுக.

பேரிங்குக்கு எங்கள் வழக்கு போதிகை. தாளில் அதைப் பயன்படுத்தலாமே?

மடல் 5: மரச்சிற்பப் பட்டறை, கள்ளக்குறிச்சி

ஐயா, மற்ற மெஷினுக்கு எழுதினால் போதிகை அருமையான சொல். இந்தத் தாளில் மட்டும் வேண்டாம். எங்களுக்குப் போதிகை என்றால் தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் செதுக்கு. இந்த மெஷினிலேயே அதைச் செதுக்குகிறோம். ‘போதிகையில் சத்தம் வருகிறதா பார்’ என்று எழுதினால் மரக்காரர் திகைத்துவிடுவார். பேரிங் என்றே இருக்கட்டும்.

மடல் 6: சிஎன்சி சர்வீஸ், கோயம்புத்தூர்

சுழல்கோட்டம் எனக்கும் சம்மதம். ஆனால் தாளில் அதை இரண்டு வரியாகப் போடுங்கள்: ஸ்பிண்டில் தண்டின் கோட்டம், பிட்டின் கோட்டம்.

கரண்டை நிறுத்தி, கோலெட்டைக் கழற்றி, ஸ்பிண்டில் வாயின் உட்கூம்பைத் துடைத்துவிட்டு, லீவர் வகை டயலை உள்ளே தொடவைத்துக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். 0.01 மிமீக்குள் இருந்தால் தண்டு நலம். பிறகு கோலெட் போட்டு, நேரான 6 மிமீ கார்பைட் தண்டைப் பிடித்து, நட்டுக்கு 20 மிமீ கீழே அளக்கவும். 0.03 வரை பரவாயில்லை. கூம்பு நலமாக இருந்து பிட்டில் 0.08 வந்தால் கோலெட்டில் பிசின் ஏறியிருக்கிறது, வெடிப்பு விட்டிருக்கிறது, அல்லது கோலெட்டை முதலில் நட்டுக்குள் ‘டக்’ என்று பொருத்தாமல் நேரே கூம்பில் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். புது ஈஆர்20 கோலெட் சில நூறு ரூபாய்தான். கூம்பிலேயே 0.05 என்றால் பேரிங் ஜோடி போயிற்று, அல்லது எங்கோ மோதித் தண்டு வளைந்திருக்கிறது. பேரிங் மாற்றலாம், வளைந்த தண்டுக்குப் புது ஸ்பிண்டில்தான்.

ஸ்பிண்டில் பற்றிப் பேசும்போதே ஒன்று. விஎஃப்டி (ஸ்பிண்டிலின் வேகத்தை மாற்றும் மின்கருவி) மாற்றப்பட்ட மெஷின் என்றால் செட்டிங்கைப் பார்க்காமல் ஸ்டார்ட் அழுத்தவே கூடாது. இந்த ஸ்பிண்டில் 400 ஹெர்ட்ஸில் 24,000 சுற்று. புது விஎஃப்டி கடையிலிருந்து வரும்போது பேஸ் ஃப்ரீக்வென்சி 50 என்று இருக்கும். அப்படியே ஓட்டினால் 50 ஹெர்ட்ஸிலேயே முழு வோல்டேஜும் ஏறி, கரண்ட் எகிறி வைண்டிங் கருகும். வாட்டர் கூலிங் வகையில் தண்ணீர் திரும்பி வருகிறதா என்று பார்த்துவிட்டு 6,000, 12,000, 18,000 என்று படிப்படியாக ஏற்றி, 20 நிமிஷம் ஓடவிட்டுச் சத்தம் கேளுங்கள். மணல் அரைபடும் ஓசை பேரிங்குடையது.

காண்ட்ரி கோணலுக்குச் சாய்வு வேண்டாம் என்றேனே, தச்சர் கையில் இருக்கும் மூலைமட்டத்திலிருந்தே எடுப்போம்: ‘மூலைப்பிசகு’. ஒய் அச்சுக்கு இரண்டு பக்கமும் மோட்டார். கரண்ட் இல்லாதபோது யாராவது ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினால் காண்ட்ரி கோணிக்கொள்ளும், அந்தக் கோணலோடே ஆன் ஆகும். 1200 × 2400 செவ்வகத்தின் நாலு மூலையிலும் வி-பிட்டால் புள்ளி குத்தி, இரண்டு மூலைவிட்டத்தையும் ஒரே இரும்பு டேப்பால் அளக்கவும். இரண்டும் 2683 வர வேண்டும். 2 மிமீ வித்தியாசம் என்றால் காண்ட்ரியின் ஒரு முனை மற்றதை விட ஏறத்தாழ 1.1 மிமீ முந்தி நிற்கிறது. இரட்டைக் கதவில் இரண்டு பக்கப் பூவேலையும் நடுவில் சேராது. ஒரு பக்கப் பினியனைத் தளர்த்தி நேராக்கினால் சரி. நேராக்கியும் மறுபடி மறுபடி வந்தால் லாரியில் ஏற்றி இறக்கியதில் ஃப்ரேமே முறுக்கிக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். அதற்கு மருந்து கிடையாது, விட்டுவிடுவது நல்லது.

நான்காவது ஒன்று விட்டுப்போயிற்று. ஸ்டெப்பர் மோட்டார் (படிப்படியாகத் திரும்பும் அச்சு மோட்டார்) சில படிகளைத் தவறவிடுவது. இதையும் பேக்லாஷ் என்றே சொல்லிவிடுகிறார்கள். பிரிக்க எளிய வழி: ஒரு புள்ளியில் டயலைப் பூஜ்யம் ஆக்கி, மரமில்லாமல் பத்து நிமிஷம் ஒரு ஃபைலை ஓட்டி, அதே புள்ளிக்கு அதே திசையிலிருந்து திரும்ப வாருங்கள். மூன்று முறை செய்யுங்கள். திரும்புதளர்வு இருந்தாலும் முள் அதே இடத்துக்கு வரும். படி தவறினால் 0.3, 0.7, 1.1 என்று கூடிக்கொண்டே போகும். இதற்குப் ‘படிநழுவல்’ சரியாக இருக்குமா? காரணம் டிரைவரில் கரண்ட் குறைவாக வைத்திருப்பது, மோட்டார் தண்டில் புல்லியின் கிரப் ஸ்க்ரூ தளர்ந்தது, மெஷினை ஓட்டும் டிஎஸ்பி கைப்பெட்டியின் 50 பின் கேபிளில் ஒரு கம்பி அற்றது, இல்லையென்றால் எர்த் சரியில்லாமல் ஸ்பிண்டில் கேபிளின் மின் இரைச்சல் டிரைவருக்குப் போகும் சிக்னல் ஒயரில் ஏறுவது.

மடல் 7: மொழிபெயர்ப்பாளர், சென்னை

நன்றி. திரும்புதளர்வு, சுழல்கோட்டம், மூலைப்பிசகு, படிநழுவல் நான்கையும் ஏற்கிறேன். ஒவ்வொன்றும் முதல்முறை வரும் இடத்தில் ‘கடையில் பேக்லாஷ் என்பார்கள்’ என்பதுபோல ஒரு வரி போட்டுவிடுகிறேன். விற்பவரிடம் புதுச்சொல்லை மட்டும் சொன்னால் பேச்சு நகராது.

ஒரு சந்தேகம். கம்ப்யூட்டரில் மாக்3 என்ற கட்டுப்பாட்டு மென்பொருள் வைத்து ஓடும் பழைய மெஷினில் திரும்புதளர்வை மென்பொருளிலேயே ஈடுகட்டலாம் என்கிறார்களே, அது போதுமா?

மடல் 8: சிஎன்சி சர்வீஸ், கோயம்புத்தூர்

போதாது. மாக்3 கான்ஃபிக் மெனுவில் பேக்லாஷ் பகுதியில் எண் போட்டால், திசை மாறும்போதெல்லாம் அத்தனை தூரம் மோட்டாரைக் கூடுதலாகத் தள்ளும். நேர்க்கோட்டுத் துளை வேலைக்கு ஓரளவு உதவும். புடைப்புச் சித்திரத்தில் நிமிஷத்துக்குப் பலமுறை திசை மாறுகிறது, ஒவ்வொரு முறையும் மோட்டார் ஒரு உதறு உதறும். ரேக் சீரற்றுத் தேய்ந்திருந்தால் ஒரே எண் எல்லா இடத்துக்கும் பொருந்தவும் செய்யாது.

அதைவிட முக்கியம்: அந்த எண்ணை முதலில் திறந்து பாருங்கள். ஏற்கெனவே ஏதாவது போட்டிருந்தால் டயல் காட்டுவது ஈடுகட்டிய அளவு. டிக்கை எடுத்துவிட்டு, மாக்3ஐ மூடித் திறந்து, பிறகு அளக்கவும். தாளில் திரும்புதளர்வுச் சோதனையின் முதல் வரியே இதுவாக இருக்கட்டும்.

இன்னொன்று, பேரலல் போர்ட் வழியாக ஓடும் மாக்3க்கு 32-பிட் விண்டோஸ்தான் வேண்டும். மெஷினோடு அந்தப் பழைய கம்ப்யூட்டரையும் அதன் செட்டிங் எக்ஸ்எம்எல் ஃபைலையும் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆர்ட்கேம் (செதுக்கு வேலையை வடிவமைக்கும் மென்பொருள்) இருக்கிறது என்பதற்காக விலை கூட்டினால் ஒப்புக்கொள்ள வேண்டாம். 2018இல் ஆட்டோடெஸ்க் அதை நிறுத்திவிட்டது.

மடல் 9: மரச்சிற்பப் பட்டறை, கள்ளக்குறிச்சி

தாளின் சுழல்கோட்ட வரியில் ‘பிட்டைச் சுழற்றிப் பார்க்கவும்’ என்று வரைவில் இருக்கிறது. ‘கரண்டை அணைத்து, கையால்’ என்று முன்னால் சேர்த்துவிடுங்கள் ஐயா. டயலை வைத்துக்கொண்டு ஸ்டார்ட் அழுத்துகிறவர்களும் உண்டு.