ஜாவா மாஸா, கிறிஸ்துமஸ் மாஸா? மீன்தொட்டிக்காரர்கள் கொஞ்சம் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. மூன்று மாதம் முன்பு கொளத்தூரில் ஒரே கடையில் இரண்டு பொட்டலம் மாஸ் (moss, மீன்தொட்டியில் வளர்க்கும் பாசிச் செடி) வாங்கினேன், ஒன்று ஜாவா, இன்னொன்று கிறிஸ்துமஸ் என்றுதான் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஒரே வாளியில் போட்டது என் புத்திசாலித்தனம். இப்போது எது எது என்றே தெரியவில்லை.

கிளைகள் முக்கோணமாக அடுக்கடுக்காகத் தொங்கினால் கிறிஸ்துமஸ் என்பார்கள், ஆனால் வெளிச்சம் குறைந்தால் அதுவும் ஜாவா மாதிரியே ஒழுங்கில்லாமல் நீண்டுவிடுகிறது, அதனால் வடிவத்தை நான் நம்புவதில்லை. பையனின் பள்ளி மைக்ரோஸ்கோப்பில் ஓர் இலையைப் பிய்த்து வைத்துப் பார்த்தேன். செல்கள் நூல் மாதிரி நீளமாக, ஒல்லியாக இருந்தன. அப்படியென்றால் அது டாக்ஸிஃபில்லம் பார்பியேரி, அதாவது ஜாவா. (பல வருடம் இதைத்தான் வெசிகுலேரியா டூபியானா என்று தப்பான பெயரில் விற்றார்கள்.) இன்னொரு கொத்தில் செல்கள் குட்டையாக, அகலமாக, அறுகோணம் போல இருந்தன. சரி, அது நிஜமாகவே வெசிகுலேரியா பேரினம்தான் (கிறிஸ்துமஸ் மாஸ் இந்தப் பேரினம்).

சிக்கல் இங்கேதான். அது மோன்டாக்னேயா, அதாவது கிறிஸ்துமஸா, இல்லை நிஜமான டூபியானாவா, அதாவது சிங்கப்பூர் மாஸா? இலை அகலமாக இருக்கிறது, நுனி சட்டென்று கூராகிறது, ஆனால் அடியில் உள்ள பழைய இலைகளில் நுனி கொஞ்சம் நீளம். எந்த இலையைப் பார்த்து முடிவு செய்வது, தண்டிலையா கிளை இலையா? எந்த இனம் என்று உறுதி செய்ய, தண்ணீருக்கு வெளியே ஈரத்தில் வளர்த்து வித்துப்பை வரவைத்தவர்கள் யாராவது உண்டா? படங்கள் கமெண்டில் போடுகிறேன்.