ஒட்டியபடியே கிடக்கும் பழைய காசு செட்: பிரித்தவர்கள், பிரிக்காதவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மாமா காலமான பிறகு அவருடைய காசு அலமாரி என்னிடம் வந்தது. ஆல்பங்களில் இருப்பதைப் பற்றிக் கவலை இல்லை. அடித்தட்டில்தான் வம்பு. அமெரிக்க மிண்ட் (அரசு நாணயச்சாலை) வெளியிட்ட ப்ரூஃப் செட்டுகள் (சேகரிப்பவர்களுக்காகவே கண்ணாடி மாதிரி பளபளப்பாக அடித்த காசுத் தொகுப்பு), வாங்கிய நாளிலிருந்து மனிதர் பிரிக்கவே இல்லை. 1954 செட் சின்ன சதுர அட்டைப்பெட்டியில், மேலே பசைத்தாள் பழுப்பேறிப் போயிருக்கிறது. 1960 ஒரு தட்டையான உறைக்குள், வாய் ஒட்டியபடி. 1970 செட் தபாலில் வந்த பெட்டியோடு அப்படியே இருக்கிறது, ஒட்டுநாடாவைக்கூட அறுக்கவில்லை.

கை துறுதுறுக்கிறது. தெரிந்த டீலர் ஒருவர் "தொடாதீங்க, அப்படியே கொடுங்க, கூடுதலா தர்றேன்" என்கிறார், அவர் அவ்வளவு அக்கறையாகச் சொல்வதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்புகிறது. உங்களில் பிரித்தவர்கள் யார், என்ன கிடைத்தது?

*

1954 பெட்டியை இன்றே பிரியுங்கள். மற்ற இரண்டைப் பற்றி வாதம் செய்யலாம், இதற்கு வாதமே கிடையாது.

1950 முதல் 1955இன் ஒரு பகுதி வரை இந்தச் சதுரப் பெட்டிதான். உள்ளே என்ன இருக்கும் தெரியுமா? ஐந்து காசு, ஒவ்வொன்றும் ஒரு செலோஃபேன் பையில், ஐந்து பையையும் தலையில் சேர்த்து ஒரு ஸ்டேப்பிள், அதைச் சுற்றி டிஷ்யூ தாள், அதற்கு வெளியே அட்டை. தாளிலும் அட்டையிலும் இருக்கும் கந்தகம் வெள்ளியை மெல்ல மெல்லத் தின்கிறது, ஸ்டேப்பிள் தன் பங்குக்குத் துருப்பிடிக்கிறது. நான் பிரித்த 1952 பெட்டியில் பைகள் சருகாகி, தொட்டால் உடைகிற நிலையில் இருந்தன. துரு இறங்கி, சென்ட் இருந்த பையின் பாதி வரைக்கும் வந்துவிட்டது. அரை டாலரில் மட்டும் விளிம்போரம் நீலமும் பொன்னிறமுமாக டோனிங் (காலப்போக்கில் பரப்பில் படரும் நிறம்) ஏறி, சொல்லக்கூடாது, புதுக்காசைவிட அழகாக இருந்தது. அந்த மாதிரி டோனிங்குக்குத் தனியாக ஆள் இருக்கிறார்கள். ஆனால் அது லாட்டரி, பக்கத்திலேயே நிக்கல் காசு சோப்புத் தண்ணீர் காய்ந்த மாதிரி மங்கிக் கிடந்தது.

பிரிக்கும்போது மேசைமேல் மெத்தென்ற துணி விரியுங்கள், காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள், குனிந்து பார்த்தபடி பேசாதீர்கள். எச்சில் துளி ப்ரூஃப் காசில் விழுந்தால் சில மாதம் கழித்துப் புள்ளியாக எழும்பும். ஸ்டேப்பிளைப் பையோடு இழுக்காமல் பையின் பக்கவாட்டைக் கத்தரிக்கோலால் வெட்டித் திறப்பது நல்லது. பெட்டியையும் பைகளையும் தூக்கிப் போட வேண்டாம், விற்கும்போது கேட்பார்கள்.

*

மேலே சொன்னவரை மதிக்கிறேன், 1954 விஷயத்தில் சரிதான். ஆனால் "பிரி, பிரி" என்கிற வேகம் எனக்கு ஒத்துவராது. கார்சன் சிட்டி என்ற ஊரின் பழைய மிண்டில் அடித்த வெள்ளி டாலர் கதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அமெரிக்கக் கருவூலத்தில் மறந்துபோய்க் கிடந்த அந்த மோர்கன் டாலர்களை (அந்த வெள்ளி டாலர் வகையின் பெயர்) 1972 தொடங்கி 1974 வரையும், மிச்சத்தை 1980இலும், ஜிஎஸ்ஏ என்கிற அரசு அமைப்பு தடித்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூட்டில் வைத்து விற்றது. வாங்கியவர்கள் பலர் என்ன செய்தார்கள்? கூடு ஆல்பத்தில் நுழையவில்லை என்று உடைத்து எறிந்தார்கள். பிறகு தரம் பார்க்கும் நிறுவனங்கள் வந்தபோது, ஸ்லாபில் (தரம் எழுதி மூடிய அவர்களுடைய பிளாஸ்டிக் கூடு) போடுவதற்காக இன்னும் கொஞ்சம் பேர் உடைத்தார்கள். இன்று அதே கூட்டோடு இருக்கும் காசைத்தான் தேடுகிறார்கள். தரம் பார்க்கும் என்ஜிசி நிறுவனம் கூட்டை உடைக்காமல் அதன்மேல் ஒரு பட்டை மாட்டித் தரம் எழுதிக் கொடுக்கிறது!

எனக்குத் தெரிந்த ஒருவரிடம் அப்படி உடைத்த 1884 டாலர் இருக்கிறது. நல்ல காசு. ஆனால் அந்த ஆண்டின் கார்சன் சிட்டி காசுகளில் பெரும்பகுதி இந்த விற்பனையில்தான் வெளியே வந்தது, ஆகவே காசு ஊரெங்கும் கிடைக்கிறது, கூடுதான் குறைந்துகொண்டே போகிறது. ஒட்டிய பொருளை எப்போது வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். பிரித்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

*

ஒட்ட முடியாதா? நன்றாக ஒட்டுகிறார்கள் ஐயா. 1960 உறை வெறும் பசைதானே, ஆவி காட்டினால் வாய் திறந்துகொள்ளும், உள்ளே பார்த்துவிட்டு மறுபடி ஒட்டினால் உங்களுக்கும் எனக்கும் தெரியாது. 1960 உறைக்கு மவுசு இருப்பதற்கு ஒரே காரணம் உள்ளே இருக்கும் சென்ட், அதில் தேதி சின்ன எழுத்திலும் உண்டு, பெரிய எழுத்திலும் உண்டு, சின்னதுதான் அரிது. 1964 உறைக்கும் இதே கதை, அங்கே கென்னடி அரை டாலரில் காதுக்கு மேலே முடிக்கோடு அழுத்தமாக விழுந்த வகையைத் தேடுகிறார்கள். ஆக, சந்தையில் "பிரிக்காத 1960" என்று வருவதில் எத்தனையை யாரோ ஏற்கெனவே பார்த்துவிட்டு, பெரிய தேதி என்று தெரிந்ததும் ஒட்டித் தள்ளிவிட்டார்கள் என்று யோசியுங்கள். கடையில் வாங்கிய ஒட்டிய உறைக்கு நான் காலணா கூடுதல் தரமாட்டேன்.

ஆனால் உங்களுடையது வேறு. மாமா நேரடியாக வாங்கி வைத்தது, நடுவில் யார் கையும் படவில்லை. அந்த உறையில் நிஜமாகவே ஒரு வாய்ப்பு இருக்கிறது, அந்த வாய்ப்பைத்தான் டீலர் காசு கொடுத்து வாங்கப் பார்க்கிறார். பிரித்துப் பெரிய தேதி வந்தால் அந்தக் கூடுதல் போச்சு. விற்கப் போகிறீர்கள் என்றால் ஒட்டியபடி விற்று, ஆசையையும் அவரிடமே விற்றுவிடுங்கள். வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் பிரியுங்கள், பார்க்க முடியாத காசை வைத்திருந்து என்ன பயன்?

1970 பெட்டிக்குக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அந்தக் காலத்தில் மிண்ட் குறியை (எந்த ஊர் மிண்டில் அடித்தது என்று காட்டும் எழுத்து) ஒவ்வொரு அச்சிலும் தனியாகக் குத்துவார்கள். 1968இலிருந்து ப்ரூஃப் காசு சான் பிரான்சிஸ்கோவில் அடிக்கப்பட்டதால் 'எஸ்' இருக்க வேண்டும், 1970இல் டைம் (10 சென்ட்) காசுக்கான ஓர் அச்சில் குத்த மறந்துவிட்டார்கள். அப்படி வெளியே போனது சுமார் 2,200 என்று மதிப்பிடுகிறார்கள், மொத்த செட்டோ 26 லட்சத்துக்கு மேல். ஏறக்குறைய 1,200க்கு ஒன்று. 1975 செட்டில் 'எஸ்' இல்லாத டைம் இரண்டே இரண்டுதான் தெரிய வந்திருக்கிறது, அதில் ஒன்று 2024 ஏலத்தில் 5 லட்சம் டாலரைத் தாண்டியது. இந்தச் செய்தி வந்த பிறகு எழுபதுகளின் பெட்டியை வைத்திருக்கிற எல்லோருக்கும் தூக்கம் போய்விட்டது.

*

சின்னதாக ஒன்று. பிரிட்டனின் 1983 செட் என்னிடம் இருந்தது. 2 பென்ஸ் காசில் "டூ பென்ஸ்" என்று இருக்க வேண்டிய இடத்தில் பழையபடி "நியூ பென்ஸ்" என்று அடித்துவிட்ட பிழை அந்த ஆண்டின் சில செட்டுகளில் மட்டும் உண்டு. என் செட் வெளியிலிருந்தே பார்க்கக்கூடிய பிளாஸ்டிக்கில் இருந்தது, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், பிழை இல்லை, பிரிக்கவும் இல்லை. பலர் கத்தரிக்கோலை எடுத்த பிறகுதான் பூதக்கண்ணாடியைத் தேடுகிறார்கள்!

*

எல்லோருக்கும் நன்றி. 1954 பெட்டியைப் பிரித்துவிட்டேன். ஸ்டேப்பிள் துருதான், ஆனால் கீழே இறங்கவில்லை. வெள்ளிக் காசு மூன்றும் நன்றாக இருக்கின்றன, அரை டாலர் கொஞ்சம் மங்கல். சென்ட்டில்தான் கரும்புள்ளிகள், ஓரத்தில் பிசுபிசுப்பாக ஏதோ. 1960 உறையை ஒட்டியபடியே வேறொரு டீலருக்குக் கொடுத்தேன், முதலாமவர் சொன்னதைவிட நல்ல விலை. 1970 பெட்டியை மகள் அறுத்தாள், நான் வீடியோ எடுத்தேன், ஒருவேளை கிடைத்துவிட்டால் நாளைக்கு எவனும் சந்தேகப்படக் கூடாதே. 'எஸ்' கம்பீரமாக இருந்தது. மீதி 1,199 பேரில் நாங்களும் சேர்ந்துகொண்டோம், அவளுக்கு அது பெரிய தமாஷ்.

அந்த சென்ட்டை என்ன செய்வது? வெள்ளி பாலிஷ் கொஞ்சம் தொட்டுத் துடைக்கலாமா?

*

ஐயோ வேண்டாம். பாலிஷ் பட்டால் ப்ரூஃப் காசின் கண்ணாடிப் பரப்பு போய்விடும், துடைத்த கீறல் ஆயுசுக்கும் நிற்கும்.

பிசுபிசுப்புக்குச் சுத்தமான அசிட்டோன் போதும், நகப்பூச்சு அழிக்கும் திரவம் இல்லை, அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிக் காசை அமிழ்த்துங்கள், தேய்க்காதீர்கள், எடுத்துப் புது அசிட்டோனில் ஒருமுறை அலசி அப்படியே உலர விடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பங்கரைப் பக்கம் போகவே வேண்டாம், குப்பென்று பற்றிக்கொள்ளும். கரும்புள்ளி போகாது, அது செம்பு தானே மாறியது, அதை விட்டுவிடுங்கள். பழைய மெத்தென்ற பிவிசி உறையில் மட்டும் திரும்பப் போடாதீர்கள், பச்சைக் களிம்பு அங்கேதான் பிறக்கிறது. மைலார் என்கிற பிளாஸ்டிக் உறையோ கெட்டியான கேப்ஸ்யூலோ வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அரை டாலரின் படத்தை வெளிச்சத்தில் சாய்த்து எடுத்துப் போடுங்கள், மங்கலா டோனிங்கா என்று பார்த்துச் சொல்கிறேன்.