மும்பையில் தலைக்கு மேல் ஒரு கூரை: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

செம்பூர்க்காரன்:
சயான் பக்கம் நாலா (சாக்கடைக் கால்வாய்) ஓரத்துக் குடிசையை இடித்துவிட, நான்கு மாதமாக மேம்பாலத்தடியில் கிடந்தது ஒரு திருநெல்வேலிக் குடும்பம். ஞாயிறுகளில் நான் போய்வரும் சிறிய தொண்டு அமைப்பில் தமிழ் பேச ஆள் வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். அந்த அக்கா கேட்ட முதல் கேள்வி, "எழுதிட்டுப் போவீங்க, அப்புறம் வருவீங்களா தம்பி?" ஏற்கெனவே மூன்று பேர் வந்து எழுதிக்கொண்டு போனவர்கள்தானாம். அதனாலேயே ஒரு ஞாயிறுகூட விடாமல் போனேன்.

2000 ஜனவரி 1-க்கு முன்பே அங்கே குடியிருந்ததைக் காட்டினால்தான் அரசு இலவசமாக மாற்று வீடு தரும். அவர்கள் அதற்கும் முன்னால் வந்தவர்கள்தான். ஆனால் ரேஷன் கார்டு இடித்த அன்று லாரியோடு போய்விட்டது. இரண்டு மாதம் கழித்து அக்கா அரிசி டப்பாவின் அடியிலிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்தார். உள்ளே மகளின் தடுப்பூசி அட்டை. ஓரமெல்லாம் மஞ்சள் கறை, நான்காக மடித்த இடத்தில் கிழிசல். மாநகராட்சி மருந்தகத்தின் முத்திரையில் 1998 என்று தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பிள்ளைக்கு இப்போது கல்யாணமே ஆகிவிட்டது!

அட்டை மட்டும் போதாது என்றார்கள் அதிகாரிகள். சரி, அதில் இருந்த விலாசத்தை வைத்துப் பழைய வாக்காளர் பட்டியலில் தேடினோம். கணவர் பெயர் கிடைக்கவே இல்லை. கடைசியில் பார்த்தால், பெயரில் இருந்த 'ழ' மராத்தியில் 'ல' ஆகியிருந்தது. இருவரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம், அதற்கு ஒரு அலைச்சல். மொத்தம் 14 மாதம் ஆயிற்று. மான்குர்தில் ஐந்தாவது மாடி கிடைத்தது. கதவைத் திறந்ததும் அக்கா நேரே போய்க் குழாயைத் திருகினார். தண்ணீர் வரவில்லை. "எத்தனை மணிக்கு விடுவாங்கன்னு கேட்டுட்டு வாங்க" என்று கணவரை அனுப்பினார்.

வீடு வாங்கிக் கொடுத்தோம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் இத்தனை வருடமாக இந்த ஊரில்தான் இருந்தார்கள் என்பதைக் காகிதத்தில் நிரூபித்தோம்.

மான்குர்து மகள்:
நான் பைகுலா நடைபாதையில் பிறந்தவள். நடைபாதைவாசிகளோடு வேலை செய்யும் ஸ்பார்க் தொண்டு நிறுவனம் 1984-இல் தொடங்கியது, பெண்களின் சேமிப்புக் குழுவான மகிளா மிலன் 1986-இல். அம்மா அதில் தினம் ஒன்றோ இரண்டோ ரூபாய் போடுவார். வசூலுக்கு ஒரு அக்கா குடிசை குடிசையாக வருவார். பணத்தைவிட அந்த வருகைதான் பெரிது. எந்த அடுப்பு எரியவில்லை, எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்பது அன்றைக்கே அவருக்குத் தெரிந்துவிடும். வீடு எப்படி இருக்க வேண்டும் என்று பெண்கள் சேலையை வைத்து அளந்து பார்த்தார்கள். பரண் போட 14 அடி உயரம் கேட்டது அவர்கள்தான்.

ஆனால் வீடு வந்தபின் இருக்கும் கஷ்டத்தை யாரும் பேசுவதில்லை. அம்மா மஜ்காவில் மூன்று வீடுகளில் வேலை பார்த்தார். மான்குர்திலிருந்து ஹார்பர் ரயிலில் ரே ரோடு வந்து நடக்க வேண்டும். நேரத்துக்கு வர முடியாமல் இரண்டு வீட்டு வேலை போய்விட்டது. கரண்ட் பில், சொசைட்டி பணம் என்று புதுச் செலவுகள் வேறு. இதில் தோற்று வீட்டை விட்டுவிட்டு மறுபடி நடைபாதைக்கே போனவர்களை எனக்குத் தெரியும். தொண்டு செய்கிறவர்களே, சாவி கொடுத்த பிறகும் இரண்டு வருடமாவது வாருங்கள்.

தாராவி 90 அடி ரோடு:
காகிதம் என்றதும் சொல்லத் தோன்றியது. நடைபாதைவாசிகளுக்காக உச்ச நீதிமன்றம் போன பத்திரிகையாளர் ஓல்கா டெலிஸ் பெயரிலான வழக்கில் மனு போட்டவர்களில் ஒருவர் சேலத்துக்காரர். வறட்சியில் வேலையிழந்து 1961-இல் பம்பாய் வந்தவர். வாழ்வாதாரமும் உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்று 1985-இல் தீர்ப்பு வந்தது. நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் சொன்னார்கள், அதுதான் வருத்தம். 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை வாங்கியவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும் என்றார்கள். அன்றைக்கும் ஒரு அட்டைதான்.

செம்பூர் அண்ணே, நான் மராத்தி நன்றாகப் படிப்பேன். பட்டியலில் நம்மவர் பெயர் தேட சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வருகிறேன். எங்கே வர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.