தண்ணி கொடுத்த பொண்ணு: குழந்தைங்க கேன்சர் ஓட்டத்துல என் அனுபவம்

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயித்துக்கிழம பெசன்ட் நகர் பீச்ல குழந்தைங்க கேன்சர் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ற 5 கிலோமீட்டர் ஓட்டத்துல கலந்துக்கிட்டேன், அங்க நடந்த ஒன்ன சொல்லியே ஆகணும். என் பொண்ணுக்கு 7 வயசு. ஏஎல்எல்னு சொல்ற ரத்தப் புற்றுநோய், குழந்தைங்களுக்கு வர்ற கேன்சர்லயே அதிகமா வர்றது இதுதான். கஷ்டமான கட்டம் முடிஞ்சு இப்ப மெயின்டெனன்ஸ்ல இருக்கா, தெனம் ராத்திரி மாத்திர, அப்பப்ப முதுகுல ஊசி, இன்னும் பத்து மாசம் பாக்கி.

காலைல அஞ்சரைக்கே ஷ்மிட் நினைவுச் சின்னம் கிட்ட நல்ல கூட்டம். தங்கக் கலர் ரிப்பன் குத்தி, யாருக்காக ஓடறோம்னு எழுதிக்க ஒரு சீட்டும் குடுத்தாங்க, நான் "பாப்பாவுக்காக"ன்னு எழுதி சட்டைல ஒட்டிக்கிட்டேன். அஷ்டலட்சுமி கோயில் பக்கம் போய் திரும்பறப்ப மூச்சு வாங்குச்சு, தண்ணி குடுக்கற எடத்துல நின்னேன். காலேஜ் படிக்கிற மாதிரி ஒரு பொண்ணு, டம்ளர நீட்டிக்கிட்டே சீட்ட படிச்சுட்டு "பாப்பாவுக்கு என்ன அங்கிள்?"னு கேட்டுச்சு. சொன்னேன். "எனக்கும் அதான் அங்கிள், 6 வயசுல வந்துச்சு, அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரில பாத்தாங்க, இப்ப எனக்கு 21"ன்னு சாதாரணமா சொல்லுது.

எனக்கு கால் நகரல. ஒன்றரை வருஷமா வார்டுல நான் பாத்தது மொட்டத்தல, மாஸ்க், ஸ்டீராய்டுல உப்பின கன்னம், எல்லாம் சின்னப் பசங்க. நல்லானவங்க வீட்டுக்குப் போயிடறாங்க, அவங்க எதுக்கு அந்த வராண்டாவுக்கு திரும்ப வரப்போறாங்க. சில கட்டில் காலியானா ஏன்னு யாரும் கேக்கறதில்ல. வளந்து நிக்கிற ஒரு ஆள என் கண்ணால பாத்ததே இல்லைங்க. மொத வாரம் தூக்கம் வராம போன்ல தேடுனப்ப, பணக்கார நாடுங்கள்ல 80 சதவீதத்துக்கு மேல குழந்தைங்க குணமாகுது, வசதி கம்மியான நாடுங்கள்ல 30 சதவீதம் கூட இல்லன்னு உலக சுகாதார நிறுவனம் போட்டிருந்தத படிச்சேன். டாக்டர் எவ்வளவோ தைரியம் சொல்லியும் அந்த ரெண்டு நம்பர் மண்டைய விட்டு போகல.

அந்தப் பொண்ணு கிட்ட என்னென்னமோ கேட்டேன், முடி பழைய மாதிரியே வந்துச்சா, ஸ்கூல்ல எத்தன வருஷம் போச்சு, நைட்டு கால் வலிக்குமா. எல்லாத்துக்கும் பொறுமையா பதில் சொல்லுச்சு. "இப்பவும் வருஷா வருஷம் செக்கப் போவேன் அங்கிள், ஹார்ட்டுக்கு எக்கோ ஸ்கேனும் பாப்பாங்க, கீமோல ஏத்தற அந்த செவப்பு மருந்து பின்னாடி ஹார்ட்ட பாதிக்கலாமாம். மருந்தோட விஷத்த கொறச்சும் குணமாக்க முடியுமான்னுதான் இப்ப நெறைய ஆராய்ச்சி நடக்குது, அதான் இங்க வந்து நிக்கிறேன்"னுச்சு. நான் குடுத்த காசு எங்க போகுதுன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சது.

வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன். பாப்பா தூக்கக் கலக்கத்தோட பாத்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா, "அக்கா, உங்களுக்கும் முதுகுல ஊசி போட்டாங்களா?" "நெறைய தடவ போட்டாங்க பாப்பா, நான் அழுவேன்." "நான் அழ மாட்டேன்"னு சொல்லிட்டு போன அவங்க அம்மா கிட்ட குடுத்துட்டா. மிச்ச ரெண்டு கிலோமீட்டர் எப்படி ஓடுனேன்னு தெரியல.

*

அண்ணா, நானும் அன்னிக்கு நடந்தேன். கூட வந்த நர்ஸ் அக்கா ஒருத்தங்க, ஏஎல்எல் பசங்களுக்கு போடற வின்கிரிஸ்டின்ங்கற கீமோ மருந்து நித்யகல்யாணி செடிலேர்ந்து எடுக்கறதுன்னு சொன்னாங்க, 1960கள்லேர்ந்தே பயன்பாட்டுல இருக்காம். எங்க ஊர்ல அத சுடுகாட்டு மல்லின்னு சொல்லி வீட்டுல வைக்கவே மாட்டாங்க! ஆனா யாரும் செடிய அரைச்சு கிரைச்சு குடுத்துடாதீங்க, அது விஷம், ஆராய்ச்சி பண்ணி பிரிச்சு அளந்து குடுக்கறதாலதான் மருந்து.

*

அண்ணா, என் பையனுக்கு 4 வயசு. போன வாரம்தான் கண்டுபிடிச்சாங்க. விட்டு விட்டு காய்ச்சல், கால் வலி, அடிபடாமலே அங்கங்க நீலமா கன்னிப்போயிருந்துச்சு, பக்கத்து கிளினிக்ல ரெண்டு வாரம் சாதா காய்ச்சல்னு மருந்து குடுத்தாங்க. இப்ப அடையாறுலதான் இருக்கோம். நான் இன்னும் சரியா சாப்பிடக்கூட இல்ல. உங்க பதிவ மூணு தடவ படிச்சுட்டேன்.

*

தங்கச்சி, மொதல்ல சாப்பிடுங்க. எங்களுக்கு செவ்வாக்கிழம ரிவ்யூ, எட்டு மணிக்கெல்லாம் வந்துடுவோம். பாப்பாவ கூட்டிட்டு வந்து ஓபி வாசல்ல நிக்கிறேன், மஞ்சள் கவுன் போட்டிருப்பா, முடி இப்ப காது வரைக்கும் வளந்திருக்கு. வெளில வந்து ஒரு தடவ பாத்துட்டு போங்க.